பதினெட்டு மணித்தியாலம்

நான் ஒரு கணித வாத்தியார். மட்டக்களப்பில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நான் போட்ட கணக்கில் பிழை கிடையாது. ஒரு மாணவன் அதையே விடைத்தாளில் எழுதித் தந்திருந்தால் முழுப் புள்ளி போட்டிருப்பேன். ஆனாலும் ஒரு வருஷமாக அது மனதுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

போன வருஷம் மே மாதம் அம்மா ரொறன்ரோவுக்குப் போகவேண்டி வந்தது. தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை. விசா வந்து, ரிக்கற்றும் போட்டாயிற்று. கல்லடி வீட்டில் அரிசிமா வறுக்கிற வாசம் மூன்று நாளாகப் போகவேயில்லை. தாச்சியைக் கிண்டியபடியே அம்மா கேட்டார்: “அங்க போய்ச் சேர எவ்வளவு நேரம் செல்லும் மனே?” நான் கதிரையில் இருந்து தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். போனை எடுத்தேன். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும் பக்கங்கள் இணையத்தில் எத்தனையோ உண்டு. ஒன்றைத் திறந்து ஒரு பெட்டிக்குள் கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்க, மற்றப் பெட்டிக்குள் ரொறன்ரோ. ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர், 18 மணித்தியாலம். “பதினெட்டு மணித்தியாலம்” என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அம்மா அந்தப் பதினெட்டை அத்திவாரமாக வைத்து ஒரு வீடே கட்டிவிட்டார். அம்மாவுக்குச் சீனியும் பிறசரும் இருக்கிறது. காலையிலும் இரவிலும் குளிசை. பதினெட்டு மணித்தியாலத்துக்குள் எப்படி எண்ணினாலும் இரண்டு நேரம்தானே வரும்? இரண்டு நேரக் குளிசையைக் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றிக் கைப்பையில் வைத்தார். மிச்சம் அவ்வளவும், கிளினிக் கொப்பியோடு சேர்த்து, பெரிய பெட்டிக்குள் சீலைகளுக்கு நடுவில் போனது. கொக்கட்டிச்சோலையில் இருக்கும் சின்னம்மாவுக்குப் போன் எடுத்து, “காலம நாலு மணிக்கு வெளிக்கிட்டா ராவைக்குப் பத்து மணிக்கு அங்க நிப்பன்” என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். காதில் விழுந்தது. திருத்தவில்லை.

ரிக்கற்றில் எல்லா நேரமும் அச்சடித்துத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மா அதையும் வாசித்தார். கட்டுநாயக்கவில் மாலை ஆறரைக்குப் புறப்பட்டு துபாயில் ஒன்பதரைக்கு இறங்குகிறது: மூன்று மணித்தியாலம். துபாயில் அதிகாலை மூன்றரைக்கு ஏறி ரொறன்ரோவில் காலை ஒன்பதரைக்கு இறங்குகிறது: ஆறு. இடையில் காத்திருப்பு ஆறு. கூட்டினால் பதினைந்து. “நீ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருக்காய்” என்று திருப்தியாகச் சொன்னார். அச்சடித்த நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம் என்பதை விளக்கிச் சொல்லவேண்டியவன் நான். அந்த நேரத்தில் பெட்டியின் நிறையைத் தராசில் பார்த்துக்கொண்டிருந்தேன். 23 கிலோவுக்குள் கருவாட்டை எப்படி அடக்குவது என்பதுதான் அன்றைய பெரிய கணக்கு.

பத்து மணிக்கு வந்த போன்

விடிய நாலு மணிக்கு வான் வந்தது. எங்கள் ஊரில் வான் என்றால் ஆகாயமில்லை, ஹயஸ். ஓட்டமாவடி தாண்டி, வெலிக்கந்தைக் காட்டுப் பாதையில் யானைக்குப் பயந்து மெல்ல ஊர்ந்து, மன்னம்பிட்டிப் பாலம் கடந்து, பொலன்னறுவையில் இடியப்பம் சாப்பிட்டு, அங்கே அம்மா முதல் குளிசையையும் போட்டுக்கொண்டார். பிறகு ஹபரணை, தம்புள்ளை, குருநாகல். கட்டுநாயக்கவில் இறங்கியபோது மதியம் பன்னிரண்டரை. ஏறக்குறைய 300 கிலோமீற்றருக்கு எட்டரை மணித்தியாலம். சக்கர நாற்காலி கேட்டு எழுதியிருந்ததால் உள்ளே கூட்டிப்போக ஆள் வந்தது. கையைக் காட்டிவிட்டு அதே வானில் கிறுகி வந்தோம்.

இரவு பத்து மணிக்கு, சொல்லி வைத்த மாதிரி, சின்னம்மாவின் போன். “அக்கா போய்ச் சேந்துட்டாவா?” நான் இன்னும் மின்னேரியாப் பக்கத்தில் இருக்கிறேன். அம்மா அரபிக் கடலுக்கு மேல் எங்கேயோ. “இன்னும் இல்ல சின்னம்மா, நாளைக்குத்தான்” என்றேன். மறுபக்கத்தில் ஒரு நொடி சத்தமில்லை. “நாளைக்கா? பத்து மணியெண்டுதானே அக்கா சொன்ன? என்னத்தையும் மறைக்காம சொல்லு மனே.” விமானம் ஏதோ ஆகிவிட்டது, நான் ஒளிக்கிறேன் என்றே முடிவு கட்டிவிட்டார். அன்றிரவு நாலு தரம் எடுத்தார். தான்தோன்றீஸ்வரருக்கு நேர்த்தி வைத்ததைப் பிறகுதான் அறிந்தேன். நேர்த்திக்குக் காரணம் நான் அம்மாவுக்குச் சொன்ன ஒரு எண்.

பதினொன்றரை போல வேறொரு போன். தெரியாத நம்பர். “அண்ணன், நான் அக்கரைப்பற்று. துபாய்ல வேல. உங்கட உம்மாக்குப் பக்கத்து சீற்லதான் வந்த. உங்களோட ஒருக்கா கதைக்கோணுமாம்.” பிறகு அம்மாவின் குரல். களைப்பும் சந்தோஷமும் கலந்த குரல். துபாய் வந்தாயிற்று, பிள்ளைகள் நல்லாய்ப் பார்க்கிறார்கள், இரவுக் குளிசையும் போட்டாயிற்று. “பத்தொன்பது மணித்தியாலம் முடிஞ்சு போச்சு மனே. இனி எவ்வளவு? ஒண்டு ஒண்டரை இருக்குமா?”

நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. “ஆறு மணித்தியாலம் அங்கயே இருக்கோணும் அம்மா. மறுகா பதினாலு மணித்தியாலம் பிளேன்.”

அம்மா ஒன்றும் பேசவில்லை. பின்னணியில் அரபியில் ஏதோ அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையொன்று அழுதது. போன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஊரை விட்டு அதிக தூரம் போனதென்றால் கதிர்காமம்தான். பயணம் முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில், வந்ததைவிடப் பெரிய பயணம் இனித்தான் இருக்கிறது என்று கேட்டால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். கோபமில்லை, விளங்காமல் கேட்கிற குரல்.

“அப்ப நீ எதச் சொன்ன?”

விடியற்காலைக் குளிசை கைப்பையில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெரிய பெட்டி ரொறன்ரோவரைக்கும் நேரே போகிறது, நடுவில் எடுக்க முடியாது. ஒரு நேரம் தவறியதால் அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் தங்கச்சி என்னோடு ஒரு கிழமை சரியாகக் கதைக்கவில்லை.

ஆர்க்காங்கெல்ஸ்க் வழியாக

வீட்டுக்கு வந்தும் நித்திரை வரவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்க்கவேண்டும் போலிருந்தது. நான் எதைச் சொன்னேன்? மடிக்கணினியைத் திறந்தேன். அந்த இணையப் பக்கம் செய்கிற வேலையை நான் கையாலேயே செய்யலாம். நாங்கள் படிப்பிக்கிற திரிகோணகணிதத்துக்கு ஒரு படி மேலேதான். இரண்டு இடத்தினதும் அகலக்கோடு, நெடுங்கோடு. பூமியை 6,371 கிலோமீற்றர் ஆரையுள்ள கோளம் என்று வைத்துக்கொண்டு, இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் பெருவட்டத்தின் (கோளத்தின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டம்) குறுகிய வில்லைக் கண்டால் அதுதான் தூரம். நேரத்துக்கு இன்னும் சுலபமான வழி: மணிக்கு 800 கிலோமீற்றர் மட்டில் என்று வகுத்து, ஏறி இறங்க அரை மணித்தியாலம் கூட்டுவது. 14,000ஐ 800ஆல் வகுத்தால் பதினேழரை. அதோடு அரை. பதினெட்டு. அவ்வளவுதான் சூட்சுமம். காற்று இல்லை, வரிசை இல்லை, துபாய் இல்லை, வெலிக்கந்தை யானை இல்லை. உண்மையில் கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானமே கிடையாது. அந்தப் பக்கத்துக்கு அதைப்பற்றி என்ன கவலை?

அந்த வில் எங்கே போகிறது என்று பார்த்தேன். சுவரில் தொங்குகிற தட்டைப் படத்தில் அடிமட்டம் வைத்தால் கோடு அரேபியா, ஆபிரிக்கா, அத்திலாந்திக் என்று மேற்கே போகும். உருண்டையில் அப்படியில்லை. அம்மாவின் தையல் பெட்டியில் இருந்து ஒரு நூலை எடுத்து, பாடசாலையில் இருந்து கொண்டுவந்திருந்த பூமி உருண்டையில் இழுத்துப் பிடித்தேன். நூல் வடக்கே ஏறுகிறது. இந்தியாவைத் தாண்டி, ஆப்கானிஸ்தானைக் குறுக்கறுத்து, கசகஸ்தானைக் கடந்து, ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்குக்கு மேலாக, வட அகலக்கோடு 72 பாகைவரை போய், கிரீன்லாந்துப் பனிக்கு மேலால் கனடாவுக்குள் இறங்குகிறது. ஆர்க்டிக் வட்டமே அறுபத்தாறரைப் பாகைதான். ரஷ்யாவும் கனடாவும் 2022இல் இருந்து ஒன்றின் விமானங்களுக்கு மற்றது ஆகாயத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன. யாராவது நேரடியாக ஒரு விமானம் விட்டால்கூட அது அந்த நூல் வழியே போகும் என்றில்லை.

துபாய் வழியாகச் சுற்றிப்போவது வீண் என்று நினைத்திருந்தேன். அதையும் போட்டுப் பார்த்தேன்: கொழும்பு–துபாய் ஏறக்குறைய 3,290, துபாய்–ரொறன்ரோ 11,080. கூட்டினால் 14,370. நேர்க்கோட்டைவிட 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை. ஆகாயத்தில் அம்மா நாலரையும் பதினாலுமாகப் பதினெட்டரை மணித்தியாலம்தான் இருந்தார். நான் சொன்ன பதினெட்டு கிட்டத்தட்டச் சரி! அந்தச் சந்தோஷம் எனக்குக் கொஞ்ச நேரம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை. வாத்தியார் புத்தி.

பிறகு ஒரு விளையாட்டுக்காகக் கொழும்பை எடுத்துவிட்டு மட்டக்களப்பைப் போட்டேன். எங்களுக்கும் விமான நிலைய மூன்றெழுத்துக் குறி இருக்கிறது: பீ.ரீ.சீ. திமிலைதீவில், வாவிக்குப் பக்கத்தில், விமானப்படையிடம் நெடுங்காலம் இருந்த ஓடுபாதை. இப்போது கொழும்பில் இருந்து பத்துப் பேர் மட்டில் ஏறும் சின்ன விமானம் வந்துபோகிறது. அதில் வருபவர்கள் பெரும்பாலும் பாசிக்குடா உல்லாசப் பயணிகள். இரண்டு பெரிய பெட்டியோடு ஒரு கிழவியை அதில் ஏற்ற யாருக்கும் தோன்றாது. அம்பாறைப் பக்கத்தில் உகனையில் இருக்கிற ஓடுபாதைக்கும் ஒரு குறி உண்டு. சரி, மட்டக்களப்பில் இருந்து ரொறன்ரோவுக்கு எவ்வளவு?

ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். 18 மணித்தியாலம்.

ஏதோ பிழை என்று நினைத்துக் கையால் போட்டேன். அதே விடை. கொழும்புக்கும் எங்களுக்கும் வித்தியாசம் நாலைந்து கிலோமீற்றர்தான். விளங்கப்படுத்த முடியும்: நூல் வடக்கே, கொஞ்சம் மேற்கே சாய்ந்து போகிறது. நாங்கள் கொழும்புக்குக் கிழக்கே இருப்பதால் தூரம் கொஞ்சம் கூடுகிறது. வடக்கே இருப்பதால் அதே அளவு குறைகிறது. இரண்டும் வெட்டிப்போகிறது. ரொறன்ரோவில் நின்று பார்த்தால் கல்லடியும் கட்டுநாயக்கவும் ஒரே தூரம். இரண்டுக்கும் இடையில் ஆகாயத்தால் 206 கிலோமீற்றர். அதையும் அந்தப் பக்கம் முக்கால் மணித்தியாலம் என்று ஜெட் வேகத்தில் கணக்குப் பார்க்கிறது. அந்த ஓடுபாதையில் அப்படியொரு பெரிய ஜெட் இறங்காது என்பது அதற்குத் தெரியாது. அந்த முக்கால் மணித்தியாலத்துக்குத்தான் அம்மா எட்டரை மணித்தியாலம் வானில் குலுங்கினார். மணிக்கு 35 கிலோமீற்றர். ரொறன்ரோவை நோக்கி ஒரு அடிகூட முன்னேறாத எட்டரை மணித்தியாலம்.

ஒரு கடதாசியில் எல்லாவற்றையும் எழுதினேன். வான் எட்டரை, கட்டுநாயக்கவில் காத்திருப்பு ஆறு, விமானம் நாலரை, துபாய் ஆறு, விமானம் பதினாலு, அங்கே குடிவரவும் பெட்டி எடுப்பும் தங்கச்சியின் ஸ்காபரோ வீட்டுக்கு ஓட்டமும் இரண்டரை. நாற்பத்தொன்றரை மணித்தியாலம். அதில் இருபத்து மூன்று தரையில். அம்மா கேட்டது இந்தக் கணக்கை. கேள்வியில் விமானம் என்ற சொல்லே இருக்கவில்லை. “அங்க போய்ச் சேர” என்றுதான் கேட்டார். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால், வினாவை ஒழுங்காக வாசி என்று கத்தியிருப்பேன்.

பாதையில் கற்ற நேரம்

அம்மா ஆறு மாதம் நின்றார். திரும்பி வருகிறதற்கு முன் வீடியோவில் அவருக்கு நேர வித்தியாசத்தை விளங்கப்படுத்த முயன்றேன். இந்த முறை தலையை நிமிர்த்திக்கொண்டு. பூமி சுழலுகிறது, பதினைந்து பாகைக்கு ஒரு மணித்தியாலம், மேற்கே போனால் மணிக்கூடு பின்னுக்கு. அம்மா பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் மறித்தார்.

“இது புது நேரம் பழைய நேரம்தானே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், ஒக்டோபரில் இருந்து அரை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை, சின்னம்மாவின் கொக்கட்டிச்சோலை அங்கேதான்) பழைய நேரத்திலேயே நின்றது. 2006 ஏப்ரலில் நாடு பழைய நேரத்துக்கு வரும்வரைக்கும், வாவியின் இரண்டு கரைக்கும் இரண்டு நேரம். அப்போது மண்முனையில் பாலம் இல்லை, நாங்கள் பாதை என்று சொல்கிற மிதவையில்தான் கடக்கவேண்டும். சின்னம்மா வீட்டுக்குப் போக அம்மா இந்தக் கரையில் ஒன்பது மணிக்குப் பாதையில் ஏறினால், அந்தக் கரையில் எட்டே முக்காலுக்கு இறங்குவார். ஏறினதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவார். “நான் மணிக்கூட்டத் திருப்பவே மாட்டன். கையில புது நேரம். அரையக் கழிச்சா அவங்கட நேரம். கடைசிப் பாதையப் பிடிக்கோணுமே. திருப்பினா எது எந்த நேரமெண்டு மறந்து போகும்.”

பத்து வருஷம் வாவியில் இதைச் செய்துவந்த மனுசிக்கு நான் பாகை சொல்லிக் கொடுக்கிறேன். ரிக்கற் நேரத்தை வாசித்தபோது அம்மாவுக்கு இது ஏன் நினைவு வரவில்லை என்று கேட்டேன். “நீ பதினெட்டு எண்டு சொல்லிப்போட்டியே” என்றார்.

திரும்பும்போது அம்மா கைக்கடிகாரத்தை ஸ்காபரோவிலேயே மட்டக்களப்பு நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். வழியில் எவர் என்ன நேரம் சொன்னாலும் தொடவில்லை. குளிசையை எப்படி எடுப்பது என்று அங்கே ஒரு வைத்தியரிடம் கேட்டு, ஐந்து நேரத்துக்குச் சுற்றி, ஒவ்வொன்றின் மேலும் நாளையும் நேரத்தையும் எழுதிக் கைப்பையில் வைத்தார். நாலு நேரம் போதும் என்றேன் நான். அம்மா கேட்கவில்லை. கட்டுநாயக்கவில் வெளியே வந்தபோது நான் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தார். “வரக்குள்ள பிளேன் கெதியா வந்திட்டு, என்ன?” என்றார். அதுவும் சரிதான். உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்கே வீசும் காற்று வாலில் தள்ளியதால், வருகிற பயணம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைவு. தூரம் ஒன்றுதான், போகும் நேரம் வேறு, வரும் நேரம் வேறு. அந்த இணையப் பக்கத்தில் இரண்டு ஊரையும் எப்படி மாற்றிப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். வாவியில் வள்ளம் வலிக்கிற எவரும் அதை நம்பமாட்டார்கள்.

அன்றைக்கு மன்னம்பிட்டியில் பாதையோரம் யானை நின்றது. இருபது நிமிஷம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஐந்தாவது குளிசையை அம்மா அங்கே வானுக்குள் இருந்தபடி எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கடதாசியைப் பிரிக்கிற சத்தம் கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது.

போன கிழமை பக்கத்து வளவு அக்கா வேலியடியில் வந்து நின்றார். மகன் கட்டாரில், அவரைக் கூப்பிடுகிறான். “தம்பி, கட்டாருக்கு எத்தின மணித்தியாலம்?” எனக்கு விடை தெரியும். கொழும்பு–டோஹா ஏறக்குறைய 3,600 கிலோமீற்றர். 800ஆல் வகுத்தால் நாலரை, அதோடு அரை. வாயைத் திறந்தேன். குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் முந்திக்கொண்டது.

“அவனக் கேக்காத பிள்ள. நீ முதல்ல சொல்லு, கொழும்புக்குக் கோச்சிலயா போறாய், வான்லயா?”